தொண்டுக்குப் போகிறவர் கையில் என்ன இருக்கிறது?

கம்போடியாவில் இரண்டு வாரம். அங்கே ஓர் அநாதை இல்லத்தில் குழந்தைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுக்க வேண்டும். கட்டணம் ஒன்றரை லட்சம் ரூபாய். விமான டிக்கெட் தனி. முடிவில் சான்றிதழ் உண்டு. சனி, ஞாயிறு அங்கோர்வாட் கோயில் பார்த்து வரலாம்.

இப்படி ஒரு நோட்டீஸ் சென்ற மாதம் என் வாட்ஸ்அப்புக்கு வந்தது. அனுப்பியது என் தம்பி மகள். அவளுடைய பெண் சென்னையில் சிவில் இன்ஜினீயரிங் மூன்றாம் வருடம் படிக்கிறாள். 'வாலண்டியராக' வெளிநாடு போகப் போகிறாளாம். குடும்பத்தில் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு அனுப்பி வைக்கலாம் என்று யோசனை. நான் ஒரு பைசா தர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

"பெரியப்பா, முப்பது வருஷம் ஊர் ஊரா சைக்கிள்ல போய் சுகாதார வேலை பார்த்தவரு நீங்களே இப்படிச் சொன்னா எப்படி?" என்று கேட்டாள். அந்த முப்பது வருஷத்தால்தானம்மா சொல்கிறேன் என்று ஆரம்பித்தேன். அதற்குள் போனை வைத்துவிட்டாள். இப்போது குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எனக்குக் கஞ்சன் என்று பெயர். இருக்கட்டும். பென்ஷன்காரனுக்கு அந்தப் பெயர் புதிதல்ல. ஆனால் போனில் சொல்ல முடியாததை இங்கே எழுதிவிடுகிறேன். நம்மில் பலர் வீட்டுப் பேரப்பிள்ளைகளுக்கும் இந்த நோட்டீஸ் வந்திருக்கும், அல்லது வரும்.

நோட்டீஸின் இரண்டாம் பக்கத்தில் 'புறப்படும் முன் செய்ய வேண்டிய ஆயத்தங்கள்' என்று ஒரு பட்டியல் இருக்கிறது. பாஸ்போர்ட், விசா, பயணக் காப்பீடு, தடுப்பூசி, கொசு விரட்டும் களிம்பு, தொப்பி, குழந்தைகளுக்குக் கொடுக்கப் பென்சில், மிட்டாய். கடைசியில் 'திறந்த மனம்'. இரண்டு முறை படித்தேன். போகிற ஆளுக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று ஒரு வரி கூட இல்லை.

தடுப்பூசி என் துறை, ஆகவே அதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றுக்குப் போக மஞ்சள் காய்ச்சல் ஊசி கட்டாயம். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். போட்ட பத்தாம் நாளிலிருந்து அந்தச் சான்று செல்லும். 2016 முதல் ஒருமுறை போட்டுக் கொண்டால் ஆயுளுக்கும் போதும். அதாவது, உடம்பைத் தயார் செய்யப் பத்து நாள் போதும். நோட்டீஸ்காரர்கள் ஆயத்தம் என்று சொல்வதெல்லாம் இந்தப் பத்து நாள் வேலைதான். பெட்டி கட்டுவதை ஆயத்தம் என்று சொல்லிப் பிள்ளைகளை நம்ப வைத்திருக்கிறார்கள்.

உண்மையான ஆயத்தம் எப்படி இருக்கும் என்பதற்குக் கம்போடியா வரை போக வேண்டாம். மயிலத்தில் பஸ் ஏறினால் அரை மணி நேரத்தில் வருகிற திண்டிவனத்தில் அதற்கு ஒரு கதை இருக்கிறது. வேலூர் சி.எம்.சி.க்கு வைத்தியத்துக்குப் போகாத குடும்பம் நம் பக்கத்தில் குறைவு. அந்த ஆஸ்பத்திரி ஏற்பட்ட காரணம் திண்டிவனத்தில் ஓர் இரவு நடந்தது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

ஐடா ஸ்கடர் 1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். அமெரிக்க மிஷன் டாக்டர்கள் குடும்பம். தாத்தா ஜான் ஸ்கடர் 1819-லேயே இலங்கைக்கு வந்து, பிறகு சென்னைக்கு வந்தவர். அப்பாவும் டாக்டர். பெண்ணுக்கு மட்டும் இந்த ஊர், இந்த வேலை, எதுவும் வேண்டாம். சின்ன வயதில் தாது வருஷப் பஞ்சத்தைக் கண்ணால் கண்டவர், வெறுத்துப் போகாமல் என்ன செய்வார். அமெரிக்காவில் படித்து, அங்கேயே குடும்பம் நடத்த வேண்டும் என்பதுதான் அவர் எண்ணம். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று 1890-ல் திண்டிவனத்துக்கு வந்தார். கொஞ்ச நாள் பார்த்துக் கொண்டு திரும்பிவிடுவதாகத்தான் ஏற்பாடு.

அந்த நாட்களில் ஓர் இரவு ஒரு பிராமணர் பங்களாவுக்கு வந்தார். மனைவிக்குப் பிரசவம் கஷ்டமாக இருக்கிறது, நீங்கள் வர வேண்டும் என்று அந்தப் பெண்ணிடம் கேட்டார். எனக்கு வைத்தியம் தெரியாது, அப்பா டாக்டர், அவரை அழைத்துப் போங்கள் என்றார் ஐடா. ஆண் டாக்டர் என் மனைவியைத் தொடக் கூடாது என்று வந்தவர் திரும்பிப் போய்விட்டார். பிறகு ஒரு முஸ்லிம் வந்தார். அதே வேண்டுகோள், அதே பதில். மூன்றாவதாக இன்னொரு இந்துக் குடும்பத்திலிருந்து ஒருவர் வந்தார். அவரும் அப்படியே போனார். விடிந்ததும் ஊருக்குள்ளிருந்து சாவு மேளம் கேட்டது. விசாரித்தால் மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள்.

இப்போது நம் நோட்டீஸ்காரரை அந்த இடத்தில் நிறுத்திப் பாருங்கள். அந்தப் பெண்ணுக்கு ஆர்வம் இருந்தது, இரக்கம் இருந்தது, 'திறந்த மனமும்' இருந்தது. பெண் என்கிற தகுதியும் இருந்தது. கைத்தொழில் இல்லை. அதனால் மூன்று உயிரில் ஒன்றைக் கூடக் காப்பாற்ற முடியவில்லை. மறுநாள் காலையில் அவர் அந்த வீடுகளுக்குப் போய்ப் பிள்ளைகளைக் கொஞ்சி, மிட்டாய் கொடுத்து, படம் பிடித்துக் கொள்ளவில்லை. கப்பலேறினார். பிலடெல்பியாவில் பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். நியூயார்க்கில் கார்னெல் மருத்துவக் கல்லூரி பெண்களுக்கு இடம் கொடுத்ததும் அங்கே மாறி, 1899-ல் பட்டம் வாங்கினார். அங்கு படித்துத் தேறிய முதல் பெண்கள் வரிசையில் அவர் ஒருவர். அதோடு நிற்கவில்லை. ஷெல் என்ற நியூயார்க் வங்கியாளரிடம் பேசி, இறந்துபோன அவர் மனைவி பெயரில் ஆஸ்பத்திரி கட்டப் 10,000 டாலர் வாங்கிக் கொண்டார். படிப்பும் பணமும் கையில் வைத்துக் கொண்டு 1900 ஜனவரி 1-ம் தேதி திரும்பி வந்தார்.

வந்த சில மாதங்களிலேயே அப்பா காலமாகிவிட்டார். தனியாகத்தான் ஆரம்பித்தார். ஒரே ஒரு கட்டில். 1902-ல் 40 படுக்கையோடு மேரி டேபர் ஷெல் ஆஸ்பத்திரி. 1909-ல் நர்சுகளுக்குப் பள்ளி. 1918-ல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி. கடைசி இரண்டையும் நான் பெரிதாக நினைக்கிறேன். தான் ஒருத்தி எத்தனை பிரசவம் பார்க்க முடியும் என்று அவருக்குக் கணக்குத் தெரிந்திருந்தது. இந்த ஊர்ப் பெண்களையே டாக்டராக்கி, தான் இல்லாவிட்டாலும் வேலை நடக்கும்படி செய்தார். 1960-ல் கொடைக்கானலில் இறக்கும்போது இங்கே அறுபது வருடம் முடிந்திருந்தது.

"அவர்கள் மதம் பரப்ப வந்தவர்கள்தானே ஐயா" என்று ஒரு நண்பர் உடனே கேட்பார். யார் என்று அவருக்கே தெரியும். வந்தார்கள், இல்லை என்று யார் சொன்னது? நான் கிருத்திகை தவறாமல் மயிலம் மலை ஏறுகிறவன். மிஷனுக்கு வக்கீலாக வரவில்லை. பிரசவ வலியில் கிடந்த பெண்ணுக்கு டாக்டரின் மதம் தேவைப்படவில்லை, அவர் படித்த படிப்பு தேவைப்பட்டது. நான் பேசுவது அந்தப் படிப்பைப் பற்றி.

வேலூரிலேயே இன்னொருவர், பால் பிராண்ட். கொல்லிமலையில் 1914-ல் பிறந்தவர். லண்டனில் அறுவை சிகிச்சை படித்து 1946-ல் வேலூருக்கு வந்தார். தொழுநோயால் மடங்கிப் போன விரல்களை, தசைநாரை இடம் மாற்றித் தைத்து நிமிர்த்திக் காட்டினார். என் காலத்தில் தொழுநோய்க் கணக்கெடுப்புக்கு வீடு வீடாகப் போனவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தக் கையில் மறுபடி ஒரு டம்ளரைப் பிடிப்பது என்றால் என்ன என்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். டாக்டருக்குப் படிப்பதற்கு முன்னால் அவர் சில வருடம் கட்டட வேலையும் தச்சு வேலையும் கற்றவர் என்பது பலருக்குத் தெரியாது. கை சரியான நோயாளிகளுக்குப் பிழைப்புக்கு வழி வேண்டுமே என்று தச்சுப் பட்டறை வைத்தபோது அது உதவியது. கற்றது எதுவும் வீணாகவில்லை.

வெள்ளைக்காரர்கள் கதையாகவே சொல்கிறேனே என்று தோன்றலாம். நம் ஆட்களும் போயிருக்கிறார்கள். 1938-ல் ஜப்பான் படையெடுப்பில் சிக்கியிருந்த சீனாவுக்குக் காங்கிரஸ் ஐந்து டாக்டர்களை அனுப்பியது. அவர்களில் சோலாப்பூர்க்காரர் துவாரகாநாத் கோட்னிஸ். சாந்தாராம் எடுத்த படத்தை உங்களில் சிலர் பழைய டூரிங் டாக்கீஸிலோ தூர்தர்ஷனிலோ பார்த்திருப்பீர்கள். அப்போதுதான் பம்பாயில் டாக்டர் படிப்பு முடித்திருந்தார். போன இடத்தில் சீன மொழியைப் பேசவும் எழுதவும் கற்றார். போர்முனையில் அறுவை சிகிச்சை செய்தார், அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு வைத்தியம் கற்பித்தார், 1941-ல் அங்கே பெத்யூன் பெயரில் இருந்த ஆஸ்பத்திரிக்குத் தலைவரானார். 1942 டிசம்பரில், 32 வயதில், அங்கேயே இறந்தார். இன்றைக்கும் சீனாவில் அவருக்குச் சிலை இருக்கிறது. இரண்டு வாரப் பேக்கேஜில் போனவருக்கு யாரும் சிலை வைத்ததாக நான் கேள்விப்படவில்லை.

"எல்லாரும் கோட்னிஸ் ஆக முடியுமா தாத்தா? நான் என்ன ஆபரேஷனா பண்ணப் போறேன், சும்மா ஏ பி சி டி சொல்லிக் குடுக்கப் போறேன்" என்றாள் பேத்தி. நியாயமான கேள்வி. என் கோபமும் அந்தச் 'சும்மா'வில்தான் ஆரம்பிக்கிறது.

சும்மா சொல்லிக் கொடுப்பது என்று ஒன்று கிடையாது. திண்டிவனத்தில் ஒரு நர்சரி பள்ளிக்கூடத்துக்குப் போய், எனக்கு ஆசிரியர் பயிற்சி இல்லை, இந்தப் பிள்ளைகள் பேசும் பாஷையும் தெரியாது, இரண்டு வாரம் வகுப்பு எடுத்துவிட்டுப் போகிறேன் என்று சொல்லிப் பார்க்கட்டும். வாட்ச்மேன் கேட்டைத் திறப்பாரா? நம் ஊரில் நமக்குத் தராத வேலையை இன்னொரு நாட்டில் பணம் வாங்கிக் கொண்டு தருகிறார்கள் என்றால், அந்த நாட்டுப் பிள்ளைகளை எவ்வளவு மட்டமாக நினைத்திருக்க வேண்டும்! ஏழைப் பிள்ளைக்கு யார் வந்து பாடம் எடுத்தாலும் போதும் என்கிற நினைப்பு இது. இதற்குத் தொண்டு என்று பெயர் வைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

அந்த 'அநாதை' இல்லங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். கம்போடியாவில் இப்படிப்பட்ட இல்லங்களில் இருக்கும் குழந்தைகளில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருக்கிறார்கள் என்று யுனிசெஃப் பல வருடங்களாகச் சொல்லி வருகிறது. அப்படியானால் ஏன் இல்லத்தில் இருக்கிறார்கள்? வறுமை ஒரு காரணம். பார்க்க வருகிறவர்கள் பணம் தருகிறார்கள் என்பது இன்னொரு காரணம். வருகிறவர்கள் கூடக்கூட இல்லங்கள் கூடுகின்றன. இல்லம் நடத்துகிறவருக்குப் பிள்ளைகள் வேண்டும். கிராமத்தில் ஏழைத் தாயிடம் போய், நன்றாகப் படிக்க வைக்கிறோம் என்று சொல்லிக் கூட்டி வருகிறார்கள். ஆஸ்திரேலியா 2018-ல் நவீன அடிமைமுறை பற்றிச் சட்டம் கொண்டு வந்தபோது, இப்படி இல்லங்களுக்குப் பிள்ளை சேர்ப்பதையும் அடிமைமுறையின் ஒரு வகையாகக் கணக்கில் எடுத்தது. அங்கிருந்து இளைஞர்கள் கூட்டம் கூட்டமாகப் போய்க் கொண்டிருந்ததால் அவர்களுக்கு விவரம் தெரிந்திருந்தது. நாம் இப்போதுதான் அந்த வரிசையில் போய் நிற்கிறோம்.

"நாங்க விசாரிச்சுட்டோம், நல்ல இல்லம்தான்" என்கிறாள் தம்பி மகள். எப்படி விசாரித்தாள்? இன்டர்நெட்டில் பார்த்தாளாம். 2023 பிப்ரவரியில் நம் விக்கிரவாண்டிப் பக்கத்தில் ஆதரவற்றோருக்கான ஓர் ஆசிரமத்தைப் பற்றி வந்த செய்திகளை அதற்குள் மறந்துவிட்டோமா? மயிலத்திலிருந்து அது எவ்வளவு தூரம்? நம் மாவட்டம், நம் மொழி. இருந்தும் உள்ளே என்ன நடக்கிறது என்று பேப்பரில் வந்த பிறகுதான் நமக்குத் தெரிந்தது. கெமர் மொழியில் ஒரு வார்த்தை தெரியாத இருபது வயதுப் பெண், இரண்டு வாரத்தில், அங்கே என்னத்தைக் கண்டுபிடிப்பாள்?

அந்தப் பிள்ளைகளின் நிலைமையையும் யோசியுங்கள். இரண்டு வாரத்துக்கு ஓர் அக்கா வருகிறாள். மடியில் வைத்துக் கொஞ்சுகிறாள். பழகி வரும்போது போய்விடுகிறாள். அடுத்த திங்கள்கிழமை இன்னொரு அக்கா. வருடத்துக்கு இருபத்தைந்து அக்கா. அங்கன்வாடியில் ஆயா மாறினாலே ஒரு வாரம் சாப்பிடாமல் அழுகிற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

தயாராகாமல் வருகிற தொண்டர்கள் எப்படி இருப்பார்கள் என்பதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமியின்போது நான் பணியில் இருந்தேன். மரக்காணம் கடலோரக் கிராமங்களுக்கு எங்களைப் போட்டார்கள். நாகப்பட்டினம் பக்கம் அளவுக்கு இங்கே சேதம் இல்லை என்றாலும் சாவு சாவுதான். கிணறுகளில் எல்லாம் கடல் தண்ணீர். இறைத்து, பிளீச்சிங் பவுடர் போட்டு, மறுபடி இறைத்து, வயிற்றுப்போக்கு பரவாமல் பார்க்க வேண்டும். மூச்சு விட நேரமில்லை. அந்த நேரத்தில் ஏழெட்டு வெளிநாட்டு இளைஞர்கள் ஒரு வேனில் வந்து இறங்கினார்கள். நல்ல பிள்ளைகள், அதில் சந்தேகமில்லை. ஒருத்தி அந்தக் காட்சியைப் பார்த்து அழுதுவிட்டாள். ஆனால் அவர்களுக்குத் தங்க இடம் வேண்டும், கொதிக்க வைத்த தண்ணீர் வேண்டும், எங்கே போனாலும் மொழிபெயர்க்க ஆள் வேண்டும். மேலிடத்து உத்தரவுப்படி எங்கள் கிராம சுகாதார செவிலியர் ஒருவரை இரண்டு நாள் அவர்களோடு அனுப்பினோம். கர்ப்பிணிகள் பட்டியலைக் கையில் வைத்துக் கொண்டு அவர் அவர்களுக்கு ஊர் சுற்றிக் காட்டினார். உதவ வந்தவர்களுக்கு நாங்கள் உதவினோம்.

அதே வாரம் இன்னொரு வெளிநாட்டுக்காரர் தனியாக வந்தார். வயது அறுபதுக்கு மேல் இருக்கும். தண்ணீர் சோதிக்கிற கருவி ஒன்றைப் பையில் வைத்திருந்தார். கிணறு கிணறாகப் போய் உப்பின் அளவைப் பார்த்து, கிணற்றுச் சுவரில் சாக்பீஸால் எழுதிவிட்டுப் போவார். அவருக்குத் தமிழில் தெரிந்தது 'உப்பு', 'நல்ல தண்ணி', 'குடிக்காதீங்க' என்ற மூன்றுதான். மூன்றையும் பெண்களுக்குப் புரிகிற மாதிரி சொல்லக் கற்று வைத்திருந்தார். எந்தக் கிணற்றில் முதலில் இறைப்பது என்று முடிவு செய்ய அவர் எழுதிய எண்கள் எங்களுக்கு உதவின. யாரிடமும் ஒரு டீ கூடக் கேட்கவில்லை. ஐந்து நாள் இருந்தார், போய்விட்டார். பெயர் கூட எனக்கு நினைவில்லை, அந்தச் சாக்பீஸ் எழுத்து நினைவிருக்கிறது.

ஆகவே குறுகிய காலம் போகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஐந்து நாளும் போதும், கையில் கருவியும் அதைப் பயன்படுத்தத் தெரிந்த அறிவும் இருந்தால்.

இதெல்லாம் நம் மரபுக்கு ஒன்றும் புதிதில்லை. பண்ருட்டிப் பக்கம் திருவாமூரில் பிறந்த அப்பர் சுவாமிகள் ஊர் ஊராகத் தொண்டுக்குப் போனவர். எந்தக் கோயிலில் அவர் சிலையைப் பார்த்தாலும் கையில் உழவாரம் இருக்கும். புல் செதுக்கத் தெரிந்து, செதுக்கும் ஆயுதத்தோடு போனார். மயிலம் மலையில் பங்குனி உத்திரத்தின்போது அன்னதானப் பந்திக்கு இளைஞர்கள் நிறைய வருவார்கள். பெரிய சமையல்காரர் எவனிடமும் முதல் வருடம் சாம்பார் வாளியைத் தர மாட்டார். இலை போடு, தண்ணீர் ஊற்று, எச்சில் இலை எடு. கூட்டத்தில் கொதிக்கிற வாளியோடு எப்படி நடப்பது என்று கண்ணால் பார்த்துப் பழகிய பிறகுதான் வாளி. பக்தி எவ்வளவு இருக்கிறது என்று அவர் கேட்பதில்லை. குழந்தை மேல் சாம்பார் கொட்டினால் அதற்கு யார் பதில் சொல்வது என்பது அவர் கவலை.

"இளைஞர்களின் ஆர்வத்தைக் கெடுக்காதீர்கள், நாலு இடம் பார்த்தால் மனம் விரியும்" என்று நண்பர்கள் சொல்கிறார்கள். விரியட்டும். அதற்குப் பெயர் சுற்றுலா. சுற்றுலா ஒன்றும் பாவமில்லை. அங்கோர்வாட் பார்க்கப் போகிறேன் தாத்தா என்று சொல்லியிருந்தால் நானே பத்தாயிரம் கொடுத்து, திரும்பி வந்து கதை சொல்லு என்று அனுப்பியிருப்பேன். சூரியவர்மன் கட்டிய கோயிலை நம் வீட்டில் ஒருத்தியாவது பார்க்கட்டுமே. தன் மனம் விரிவதற்கு இன்னொருவர் வீட்டுக் குழந்தையைச் சாமானாகப் பயன்படுத்தாதே என்பதுதான் என் வழக்கு.

ஆர்வம் நிஜமானது என்றால் காத்திருக்கும். சிவில் படிக்கிற பெண். இன்னும் ஒரு வருடம் படிப்பு, பிறகு இரண்டு மூன்று வருடம் குடிநீர்த் திட்டத்திலோ கழிவுநீர் வேலையிலோ சேற்றில் நின்று அனுபவம். அதற்குப் பிறகு அவளைப் பல நாடுகள் கூப்பிடும். போகிற நாட்டு மொழியில் நூறு வார்த்தை அதற்குள் படித்துக் கொள்ளலாம். செல்போனில் நாள் முழுக்க விரல் தேய்க்கிற நேரத்தில் பத்தில் ஒரு பங்கு போதும்.

யார் உண்மையாகக் கூப்பிடுகிறார்கள், யார் வியாபாரம் செய்கிறார்கள் என்று தெரிந்து கொள்ளச் சுலபமான வழி இருக்கிறது. பணம் எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். 1970-ல் ஏற்பட்ட ஐக்கிய நாடுகள் தன்னார்வலர் திட்டம், தேர்ந்தெடுத்தவருக்கு வாழ்க்கைச் செலவுக்குப் படி கொடுக்கிறது. 1971-ல் பிரான்சில் தொடங்கிய 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' அமைப்பு, அனுப்புகிற டாக்டருக்கும் நர்சுக்கும் சிறிதாக ஒரு சம்பளம் தருகிறது. இரண்டு பேரும் முதலில் கேட்பது உனக்கு என்ன வேலை தெரியும், எத்தனை வருடம் செய்திருக்கிறாய் என்பதுதான். அவர்களுக்கு உங்கள் கை தேவை. ஒன்றரை லட்சம் கட்டு என்கிறவருக்கு உங்கள் கை தேவையில்லை, பை தேவை.

ஆரோவில்லைப் பற்றிக் கேட்பீர்கள். வானூர்ப் பக்கம் மொபெட்டில் போகிற வெளிநாட்டுப் பிள்ளைகளை நாம் தினம் பார்க்கிறோம். 1968-ல் அந்த இடம் மழை அரித்த செம்மண் மேடு என்பது நம் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். இன்று காடு. அதை வளர்த்தவர்கள் எந்த மரம் அந்த மண்ணில் நிற்கும் என்று வருடக்கணக்காக நட்டு, பட்டுப்போய், மறுபடி நட்டுக் கற்றவர்கள். அவர்களோடு எனக்குச் சில விஷயங்களில் சண்டை உண்டு, அது வேறு கட்டுரை. செடி வைத்துப் படம் எடுத்துக் கொண்டு போனவர்களால் அந்தக் காடு வரவில்லை என்பதை மட்டும் சொல்லிக் கொள்கிறேன்.

இந்த நோட்டீஸ் ஏன் எப்போதும் இருபது வயதுக்காரர்களுக்கே போகிறது என்றும் யோசித்தேன். தெரியாதவர்களிடம்தான் விற்க முடியும். வேலை தெரிந்தவர்கள் நாம் இங்கே திண்ணையில் உட்கார்ந்திருக்கிறோம். நம் வட்டாரத்தில் ஓய்வு பெற்ற கிராம சுகாதார செவிலியர்களை எண்ணிப் பாருங்கள். மின்சாரம் இல்லாத துணை சுகாதார நிலையத்தில் அரிக்கேன் விளக்கில் பிரசவம் பார்த்தவர்கள். போர்வெல் கைப்பம்பை அரை மணியில் கழற்றி மாட்டுகிற பஞ்சாயத்து யூனியன் மெக்கானிக்குகள். கணக்குக்குப் பயந்த பிள்ளையையும் பாஸ் பண்ண வைத்த ஆசிரியர்கள். ஐக்கிய நாடுகள் திட்டத்தில் நிபுணர் என்று ஒரு பிரிவு இருக்கிறது. அதற்கு 15 வருட அனுபவம் கேட்கிறார்கள். நம்மிடம் அதற்கு இரண்டு மடங்கு இருக்கிறது. இல்லாதது ஆங்கிலம், கம்ப்யூட்டர், கொஞ்சம் துணிச்சல். முதல் இரண்டும் பேரன் பேத்திகளிடம் கற்கக் கூடியவை.

வயதைச் சொல்லித் தப்பிக்க வேண்டாம். அமெரிக்காவின் 'பீஸ் கோர்' தொண்டர்கள் 1961 முதல் 1976 வரை இந்தியாவில் வேலை செய்தார்கள். அவர்களில் ஒருவர் லில்லியன் கார்ட்டர், பின்னாளில் ஜனாதிபதியான ஜிம்மி கார்ட்டரின் தாயார். 1966-ல் பம்பாய்க்குப் பக்கத்தில் விக்ரோலிக்கு வந்தபோது அவருக்கு வயது 68. கணவர் இறந்துவிட்டார், பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். நர்ஸ் வேலை செய்து பழகிய கை. மராத்தி கற்றுக் கொண்டு, தொழிலாளர் குடியிருப்பு மருத்துவ நிலையத்தில் இரண்டு வருடம் ஊசி போட்டு, புண் கட்டி, 70 வயதில் ஊர் திரும்பினார்.